மூக்கு விடுப்பு எடுத்த மாதம்

போன வாரம் உங்கள் தர ஆய்வுக் கூடத்தைப் பார்க்க வந்திருந்தேன். எல்லாரும் மரியாதையாகச் சாயா கொடுத்து, இயந்திரங்களை ஒவ்வொன்றாகக் காட்டினீர்கள். கிளம்புகிற நேரத்தில் உங்களில் ஒருத்தி வாசல்வரை கூடவே வந்தாள். வயிறு மேஜையில் இடிக்காமல் பக்கவாட்டில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண். மெதுவாகக் கேட்டாள்: "மாமி, எதுவரைக்கும் வேலைக்கு வரலாம்?"

"டாக்டர் என்ன சொல்றார்?" என்றேன்.

"உன்னால முடியற வரைக்கும் போன்னு சொல்றார். என்னால முடியறதா இல்லையான்னு எனக்கே தெரியலையே மாமி."

அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. "உடம்பைப் பார்த்துக்கோ" என்று யாரும் சொல்லக்கூடிய ஒன்றைச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். பாதி வழியில் எனக்கே என் மேல் கோபம் வந்தது. இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த மனுஷி நான். அதை ஆட்டோவில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவானேன்? அதனால்தான் இதை எழுதுகிறேன். அவளுக்கு மட்டுமில்லை, உங்கள் எல்லாருக்கும்.

அறுபதுகளின் தொடக்கம். கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கிடங்கில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. ரசாயனம் படித்த பெண் என்பதால் எடுத்தார்கள். உண்மையில் அங்கே ரசாயனத்துக்கு வேலை குறைவு, மூக்குக்குத்தான் வேலை. மிளகு வள்ளத்தில், அதாவது நாட்டுப் படகில் வரும். வள்ளத்தின் அடித்தண்ணீர் மூட்டையில் ஏறிவிட்டால், அனுப்புகிறவர் சத்தமில்லாமல் அதை வெயிலில் காயவைத்து, கையில் துளி எண்ணெய் தொட்டுப் புரட்டி, மறுபடி மூட்டை கட்டிவிடுவார். பார்த்தால் கறுகறுவென்று புது மணப்பெண் மாதிரி இருக்கும். உள்ளே பூசணம் பிடிக்க ஆரம்பித்திருக்கும். கண் அதைக் கண்டுபிடிக்காது. ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து முகர்ந்தால் மூக்கு கண்டுபிடித்துவிடும். நல்லது என்றால் மூட்டையின் மேல் நீலச் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போடுவேன். என் வட்டம் இருந்தால்தான் மூட்டை கப்பலேறும். பஜாரில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண் நான்தான் என்பதால் அந்த வட்டத்தை எல்லாரும் ஒரு கண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எத்தனை நாளைக்கு?" என்று எதிர்க்கடைகளில் பேசிக்கொண்டதும் எனக்குத் தெரியும்.

முதலாளி பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ராவுத்தர். சாதாரணமாகத் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் மலையாளம். எனக்குக் கீழே வேணு என்று ஒரு பையன். கல்லூரி முடித்துப் புதிதாகச் சேர்ந்தவன். மிளகு சலிக்கிற பெண்களுக்குத் தலைவி ஆமினா. இவர்கள்தான் என் உலகம்.

முதல் பிரசவம். வளைகாப்பு முடிந்ததும் பாலக்காட்டிலிருந்து அம்மா என்னை அழைத்துப் போக வந்தாள். எங்கள் வழக்கப்படி ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோதான் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். எட்டாம் மாதத்தில் பயணம் கூடாது. புது மிளகு வரத் தொடங்குகிற சமயம் அது. "ஒன்பதுல வரேம்மா" என்று அம்மாவைத் திருப்பி அனுப்பினேன். அதாவது, ஏழில் நிறுத்தியிருக்கலாம், ஒன்பதில் நிறுத்தலாம், எட்டில் நிறுத்தினால் போகிற இடமில்லை. என் கேள்விக்குப் பஞ்சாங்கமே பதில் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

எட்டாம் மாதம் என்ன பாடு படுத்தும் என்று அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். கால் வீங்கி என் செருப்பு நுழையவில்லை, கணவருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன். நெஞ்சு எரிச்சல். குனிந்தால் மூச்சு வாங்கும். அதற்கெல்லாம் மேலே தும்மல். மிளகுக் கிடங்கில் தும்மாத ஆளில்லை. ஆனால் அந்த வயிற்றோடு தும்முகிற அவஸ்தையைப் பெண்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும். ஆமினா நான் தும்ம ஆரம்பித்தாலே ஓடி வந்து இடுப்பைப் பிடித்துக்கொள்வாள்.

எப்போது நிறுத்த வேண்டும் என்று மட்டாஞ்சேரியில் எல்லாருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் என்னைப் பார்த்தால் வழிவிட்டு, "இனி மதி அம்மா, போதும்" என்பார்கள். வேணு "சேச்சி, இரிக்கூ" என்று நாற்காலியை நகர்த்துவதிலேயே பாதி நாளைக் கழித்தான். மாமியார் தினமும் என் காலைப் பார்த்துவிட்டு, "பூசணிக்காய் மாதிரி இருக்கேடி" என்று பெருமூச்சு விடுவார். என்னைப் போக விடாதவர் முதலாளி ஒருவர்தான். அதுவும் அன்பாலேயே. சைக்கிள் ரிக்‌ஷா ஏற்பாடு செய்தார். கைவைத்த நாற்காலியும் முதுகுக்கு ஒரு தலையணையும் வந்தன. நான் மூட்டையிடம் போக வேண்டாம், மூட்டை என்னிடம் வரட்டும் என்று உத்தரவு போட்டார். துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வரவிருந்தது. அது போகும்வரை நான் இருந்தால் போதும் என்பது அவர் கணக்கு.

எனக்கும் அந்த வசதி பிடித்திருந்தது, மறைப்பானேன். கால் பலகையில், முதுகு தலையணையில், மூட்டைகள் ஒவ்வொன்றாக என் முன்னால் வந்து நிற்க, ராணி மாதிரி உட்கார்ந்து வட்டம் போட்டேன். எல்லாரும் என் வயிற்றையும் காலையும் பார்த்தார்கள். நானும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒருநாள் காலை, பால் காய்ச்ச வைத்துவிட்டு அடுப்புப் பக்கத்திலேயே நின்று தலை பின்னிக்கொண்டிருந்தேன். கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மாமியார் கத்திக்கொண்டே ஓடி வந்தார்.

"என்னடி ஜானகி, பால் அடிபிடிச்சுத் தீயறது! பக்கத்துல நின்னுண்டு வேடிக்கையா பாக்கறே?"

பார்த்தேன். பாத்திரத்தின் விளிம்பு பழுப்பேறிக் கிடந்தது. எனக்கு ஒரு வாடையும் வரவில்லை.

அவர் பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனதும் பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். காப்பிப்பொடியை முகர்ந்தேன். பூஜை அலமாரியிலிருந்து கற்பூரத்தை எடுத்து மூக்குக்குள்ளேயே வைத்தேன். எங்கோ தூரத்தில் யாரோ கூப்பிடுகிற மாதிரி ஏதோ ஒன்று, அவ்வளவுதான். ஜலதோஷம் கிடையாது, சளி கிடையாது. மூக்கு உள்ளே வீங்கி அடைத்திருந்தது, கால் வீங்கினது மாதிரியே. சில நாளாகக் கணவர் நான் குறட்டை விடுவதாகக் கேலி செய்துகொண்டிருந்தார், நான் சண்டைக்குப் போயிருந்தேன். வாயால் மூச்சு விட்டுத் தூங்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

வீட்டில் ஒன்றும் சொல்லாமல் ரிக்‌ஷாவில் ஏறினேன். போகிற வழியில் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. பஜார் ரோட்டில் சுக்கு, ஏலம், உலர்ந்த மீன் எல்லாம் சேர்ந்து அடிக்கிற வாடையைத் தாண்டித்தான் கிடங்குக்குப் போக வேண்டும். அன்றைக்கு அந்த ரோடு வெறும் ரோடாக இருந்தது.

கிடங்கில் முதலாளி எனக்காகக் காத்திருந்தார். கப்பல் வந்துவிட்டது.

"மோளே, மிச்ச மூட்டைக்கு இன்னிக்கு வட்டம் போட்டு முடிச்சிட்டீங்கன்னா நாளைக்கு ஏத்திடலாம். அதுக்கப்பறம் நீங்க நிம்மதியா வீட்டுல இருங்க. நானே வண்டி வச்சு அனுப்பறேன்."

முதல் மூட்டை என் முன்னால் வந்து நின்றது. வேணு குத்தூசியால் மூட்டையைக் குத்தி ஒரு பிடி மிளகை எடுத்து என் கையில் வைத்தான். தேய்த்தேன், முகர்ந்தேன். கையில் சூடு தெரிந்தது. வாடை இல்லை. இன்னொரு பிடி. அதுவும் அப்படியே.

"நல்லதா சேச்சி?" என்றான் வேணு.

"உனக்கு எப்படித் தெரியறது?"

"எனிக்கு நல்லதுன்னுதான் தோணுது. ஆனா சேச்சி சொன்னாத்தான் உறப்பு, நிச்சயம்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சுண்ணக்கட்டி என் கையில் இருந்தது. கண்ணுக்கு நல்ல மிளகு. வேணு நல்லது என்கிறான். ஒரே நாள் வேலை. வட்டம் போட்டுவிட்டு எல்லாருடைய வாழ்த்தோடும் வீட்டுக்குப் போகலாம். வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். பொம்பளையை மூக்கு வேலைக்கு வைத்தால் இப்படித்தான் என்று பஜார் முழுக்கப் பேசும். எனக்கு வேலை போவது ஒருபக்கம், எனக்குப் பிறகு ஒரு பெண்ணையும் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் விடமாட்டார்கள். பயமாகத்தான் இருந்தது. வயிற்றில் குழந்தை உதைத்ததையும் சேர்த்துச் சொல்லலாம், ஆனால் அது எப்போதும் உதைத்துக்கொண்டுதான் இருந்தது.

ஆமினா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஏதாவது சந்தோஷமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

"இப்பல்லாம் நீங்க தும்முறதே இல்லம்மா. வயித்துல இருக்க பிள்ளைக்கும் நிம்மதி, என் கைக்கும் நிம்மதி."

"எத்தனை நாளா ஆமினா?"

"அந்த ஆலப்புழை வள்ளம் வந்துச்சுல்ல, அன்னைக்கு நாங்கல்லாம் தும்மியே செத்தோம். நீங்க சும்மா உக்காந்திருந்தீங்க. பாத்தியா, நம்ம அம்மாவுக்குப் பழகிப்போச்சுன்னு இவளுங்ககிட்டகூடச் சொன்னேன்."

அப்படியானால் அன்றிலிருந்தே என் மூக்கு அடைத்திருக்கிறது. ஆலப்புழை வள்ளத்து மூட்டைகள் அத்தனைக்கும் நான் வட்டம் போட்டு முடித்திருந்தேன். அவை கரையோரம் அடுக்கி, கப்பலுக்குத் தயாராக இருந்தன.

முதலாளியின் அறைக்கு எழுந்து போனேன். நான் எழுந்து வந்ததைப் பார்த்தே அவர் பதறிப்போனார். பிரசவ வலி என்று நினைத்துவிட்டார்.

"வலி இல்லை முதலாளி. எனக்கு மூக்கு அடைச்சிருக்கு. வாடை தெரியலை. நான் வட்டம் போட முடியாது."

"எந்தா ஈ பறயுன்னது?" மலையாளத்துக்கு மாறிவிட்டார். பிறகு கொஞ்சம் தணிந்து, "வேலையை நிறுத்தணும்னா நேரா சொல்லுங்க. நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்? மூக்கு மேல ஏன் பழி போடறீங்க?"

"கால் வீங்கினப்ப பலகை போட்டேள். முதுகு வலின்னதும் தலகாணி வந்தது. மூக்குக்கு என்ன போடுவேள்?"

அவர் என்னையே பார்த்தார். சட்டைப் பையிலிருந்து அத்தர் குப்பியை எடுத்தார். "கண்ணை மூடுங்க" என்றார். மூடினேன். "என்ன வாடை?"

"இன்னும் திறக்கலையா?"

கண்ணைத் திறந்து பார்த்தால் குப்பி திறந்து என் மூக்குக்கு நேரே இருந்தது. அறைக்கு வெளியே நின்ற வேணு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். முதலாளி மெதுவாகக் குப்பியை மூடி வைத்தார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். வியாபாரி அல்லவா, சரியான கேள்வியைத்தான் கேட்டார்.

"எப்போலேர்ந்து?"

இன்றைக்குக் காலையிலிருந்து என்று சொல்லியிருக்கலாம். அதில் பாதி உண்மையும் இருந்தது, எனக்குத் தெரிந்தது காலையில்தானே. அப்படிச் சொன்னால் அன்றைய மூட்டைகள் மட்டும்தான் பாக்கி, வேணுவை வைத்து முடித்துவிடலாம். இந்தக் கேள்விக்கு முன்னால் நின்ற நேரம்தான் என் முழு உத்தியோகத்திலும் நீளமான நேரம்.

"ஆலப்புழை வள்ளத்திலேர்ந்து" என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை, அதுவே எனக்கு அதிகக் கஷ்டமாக இருந்தது.

அழிக்க வேண்டியதை நானே அழிக்கிறேன் என்று சொல்லி ஈரத்துணியோடு கரையோரம் போனேன். ஆறேழு மூட்டைக்கு மேல் குனிய முடியவில்லை. ஆமினாவும் அவள் பெண்களும் துணியைப் பிடுங்கிக்கொண்டு மிச்சத்தைத் துடைத்தார்கள். என் வட்டங்கள் ஒவ்வொன்றாகப் போவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது, அழுதேன்.

முதலாளி அன்று செய்த காரியத்தை இன்றைக்கும் நினைத்துப்பார்க்கிறேன். நேரே எதிர்க் கிடங்குக்குப் போனார். அங்கே தரம் பார்க்கிறவர் ஒரு கொங்கணிக்காரர், எங்களுக்குப் போட்டி. நம் சரக்கைப் போட்டிக்காரருக்குத் திறந்து காட்டுவதென்றால் மட்டாஞ்சேரியில் வேட்டியை அவிழ்ப்பதற்குச் சமம். ஆனாலும் போய்க் கேட்டார். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"அரிசி கடன் கேட்டு வந்தவருண்டு, ஆளைக் கடன் கேட்டு வந்தவருண்டு. மூக்கு கடன் கேட்டு வந்தது நிங்கள்தான்" என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டே முதல் மூட்டையைக் குத்தினார்.

அவரும் வேணுவும் சாயங்காலம்வரை பார்த்தார்கள். துடைத்த மூட்டைகளில் சிலது மோசம். பூசணம் தொடங்கியிருந்தது. ஒதுக்கி வைத்தார்கள். மிச்சம் கப்பலேறியது. சரக்குக் குறைந்ததற்கு முதலாளி வாங்குபவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னார். மோசமான மூட்டை போய்ச் சேர்ந்திருந்தால் சொல்ல வேண்டியிருந்த பதில் வேறு.

நான் கிளம்பும்போது முதலாளி ரிக்‌ஷாவரை வந்தார். "மூக்கு திரும்பி வருமா மோளே?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா, குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்றார். ஆனால் மிளகு முகர்கிற மூக்காகத் திரும்பி வருமா என்று அவருக்கு எப்படித் தெரியும்? கேட்டுப் பார்க்கலாம் என்றால் எனக்கு முன்னால் அந்த வேலையில் வயிற்றோடு இருந்தவள் யாருமில்லை. "வந்தா நானும் வரேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒன்பதாம் மாதம் பிறக்கும்வரை வீட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

வாசல்வரை வந்த பெண்ணே, உனக்கான பதில் இதுதான். மாதத்தை எண்ணாதே, அடுத்தவர் சொல்வதையும் எண்ணாதே. காலுக்குப் பலகை கிடைக்கும், முதுகுக்குத் தலையணை கிடைக்கும், வெட்கப்படாமல் கேட்டு வாங்கிக்கொள். உன் வேலை உன்னிடம் எதை நம்புகிறது என்று பார். கண் பார்வையா, கை நடுங்காமல் இருப்பதா, மறதி இல்லாமல் இருப்பதா? அது சரியாக இருக்கும்வரை, உடம்புக்கும் ஆபத்தில்லை என்றால், வா. அது போய்விட்டால் அன்றைக்கே நிறுத்து. நிறுத்தும்போது எப்போதிலிருந்து என்பதையும் சேர்த்துச் சொல். ஆண்பிள்ளைகளுக்கும் இதேதான். உங்களுக்கு வயிறு வராது, ஆனால் காய்ச்சலும் கவலையும் வயதும் வரும்.

மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

பாலக்காட்டில் பெண் குழந்தை பிறந்தது. தீட்டு நாள், நான் ஓர் அறையில் தனியாகக் குழந்தையோடு. சமையலறைப் பக்கம் போகக் கூடாது. கொச்சியிலிருந்து கணவர் குழந்தையைப் பார்க்க வந்தார். பிரசவ மருந்து கிளறுவதற்கென்று முதலாளி ஒரு பை மிளகு கொடுத்தனுப்பியிருந்தார். அம்மாவுக்கு ஒரே பெருமை. கப்பலில் போகிற மிளகாக்கும் என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டு, சாயங்காலம் சுக்கோடு அதையும் வறுக்க ஆரம்பித்தாள்.

நான் படுத்த இடத்திலிருந்தே கத்தினேன்: "அம்மா, அதைக் கொட்டு! பூசண மிளகு!"

"நன்னா இருக்கே! உனக்கு மூக்கே இல்லைன்னு சொன்னே. ரெண்டு அறை தள்ளிப் படுத்துண்டு என் மருந்தைக் குத்தம் சொல்றயா?"

சொல்லிவிட்டு அவளே நிறுத்திவிட்டாள். வாசலில் இருந்த கணவரும் உள்ளே வந்து அறை வாசலில் நின்றார். நான் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்தேன், சிரிப்போடு கண்ணிலிருந்து தண்ணீரும் கொட்டியது. அடுப்புப் புகை, சுக்கு, நெய், குழந்தைக்குத் தேய்த்த எண்ணெய் எல்லாம் தனித்தனியாக வந்து நின்றன. எல்லாவற்றுக்கும் நடுவில் அந்த ஆலப்புழை வள்ளத்துப் பூசணம்.

நடந்தது இதுதான்: நல்ல மிளகெல்லாம் கப்பலேறிவிட்டது. முதலாளி மிளகு கொடு என்றதும், விஷயம் தெரியாத குமாஸ்தா கிடங்கில் மிச்சமிருந்த மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுத்துவிட்டான். அது ஒதுக்கி வைத்த மூட்டை. கணவர் ஊருக்குத் திரும்பியதும் கிடங்குக்குப் போய், ஜானகி பாலக்காட்டிலிருந்தே கண்டுபிடித்துவிட்டாள் என்று சொன்னாராம். முதலாளி முதலில் குமாஸ்தாவை மலையாளத்தில் திட்டினார், பிறகு அத்தர் குப்பியை எடுத்துத் தானே ஒருமுறை முகர்ந்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்தாராம்.

அடுத்த தடவை கணவர் வரும்போது வேறு பொட்டலம் வந்தது. காகிதத்தின் மேல் வேணு நீலச் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போட்டிருந்தான். இருந்தாலும் நான் பிரித்து, தேய்த்து, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அம்மாவிடம் கொடுத்தேன். நல்ல மிளகு.

கூடவே முதலாளி வாய்வார்த்தையாக ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார்: "மூக்கு வந்துடுச்சுல்ல, அது போதும். ஆள் மெதுவா வரட்டும். நாற்காலியை யாருக்கும் கொடுக்க மாட்டேன்."

மெதுவாகத்தான் போனேன். குழந்தை குப்புற விழுந்த பிறகு.